காப்பாற்றப் போனவரும் சேர்ந்து பலியாவது ஏன்? கரண்ட் 'ஷாக்' அடித்தால் உடம்புக்குள் நடப்பது இதுதான்

பனமலை:

"மோட்டார் போடப் போன விவசாயி மின்சாரம் தாக்கி பலி. காப்பாற்ற முயன்ற மனைவியும் பரிதாப சாவு."

இந்த மாதிரி செய்தி இல்லாத மழைக்காலம் உண்டா? ஊர் பெயர் மாறும், வயது மாறும். மற்றபடி செய்தி அப்படியே இருக்கும். சில சமயம் தந்தை, மகன். சில சமயம் அண்ணன், தம்பி. துணி காயப்போட்ட மருமகளும், அவரைத் தூக்க ஓடிய மாமியாரும் என்றும் வரும்.

செஞ்சி பக்கம் பனமலை மாதிரி ஊர்களில் இதைப் படிப்பவர்களுக்கு அடிவயிறு கலங்கும். மலை மேலே பல்லவ ராஜா ராஜசிம்மன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயில், கீழே ஏரி, சுற்றிலும் நெல்லும் மணிலாவும். கிணற்றுக்கு கிணறு மோட்டார் கொட்டகை. கொட்டகைக்குள் துருப்பிடித்த ஸ்டார்ட்டர் பெட்டி, ஒழுகுகிற கூரை, ஈரத்தரை, வெறுங்கால். பேப்பரில் வந்த வீட்டுக்கும் நம்ம வீட்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

நாடு முழுக்க 2021-ம் ஆண்டில் மட்டும் மின்சாரம் தாக்கி 12 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்ததாக மத்திய அரசின் குற்ற ஆவணக் காப்பக கணக்கு சொல்கிறது. நாளுக்கு 30 பேருக்கு மேல்! இதில் எத்தனை பேர் இரண்டாவதாக ஓடிப்போனவர்கள் என்று தனிக்கணக்கு பார்த்தால் நெஞ்சு வலிக்கும்.

முதல் ஆள் செத்தது விபத்து. இரண்டாவது ஆள் ஏன் சாகிறார்?

கரண்ட் இழுப்பதில்லை, கை விடுவதில்லை

"கரண்ட் பிடிச்சு இழுத்துக்கிச்சு", "ரத்தத்தை உறிஞ்சிடும்" என்று ஊரில் சொல்வார்கள். ரத்தத்தை உறிஞ்சுகிற வேலை எதையும் மின்சாரம் செய்வதில்லை. நடப்பது வேறு.

நம்ம கை, கால் அசைவதே சின்னஞ்சிறு மின்சாரத்தால்தான். மூளை நரம்பு வழியாக ஒரு துளி மின்சாரத்தை அனுப்புகிறது, சதை சுருங்குகிறது. 'விடு' என்று அது சொன்னால் விரல் விடும். வீட்டுக் கரண்ட் உடம்பில் பாயும்போது அது நொடிக்கு 100 முறை திசை மாறி மாறி சதையை உலுக்குகிறது. மூளை போடுகிற உத்தரவு அந்த இரைச்சலில் எடுபடாது. கையில் மடக்குகிற சதைகள், விரிக்கிற சதைகளை விட பலமானவை. இரண்டும் சேர்ந்து சுருங்கினால் எது ஜெயிக்கும்? மடக்குகிறதுதான். அதனால் ஒயரைப் பிடித்த கை மேலும் இறுக்கிப் பிடிக்கிறது. அந்த ஆளுக்கு நினைவு இருக்கும். விட வேண்டும் என்று தெரியும். விட முடியாது. கத்தவும் முடியாது. நெஞ்சுச் சதையும் இறுகிப்போயிருக்கும்.

சிலரை 'தூக்கி எறிஞ்சிடுச்சு' என்பார்களே, அதுவும் அவர்கள் சதை செய்கிற வேலைதான். தொடையும் முதுகும் ஒரே வெட்டில் சுருங்கி ஆளை எகிற வைக்கிறது. ஒரு வகையில் அவர் கொடுத்து வைத்தவர், பக்கத்தில் கிணறு இல்லாமல் இருந்தால்.

இப்போது மனைவி ஓடி வருகிறார். கணவரின் தோளைப் பிடித்து இழுக்கிறார். ஒயரைத் தொட்ட கணவரின் உடம்பே இப்போது ஒரு ஒயர். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கிற மனைவியின் கை வழியாக நுழைந்து கால் வழியாக கரண்ட் மண்ணுக்கு இறங்குகிறது. பாசத்தில் ரெண்டு கையாலும் கட்டிப் பிடித்தவர் என்றால் அந்த ரெண்டு கையும் இறுகிவிடும். மூன்றாவதாக மகன் ஓடி வந்தால் அதே கதை.

எவ்வளவு கரண்டில் கை விடாமல் போகும் என்று அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழக பேராசிரியர் சார்லஸ் டால்ஜீல் ஆட்களை வைத்தே சோதித்துப் பார்த்தார். 134 ஆண்கள், 28 பெண்கள் தாங்களாக முன்வந்து கையைக் கொடுத்தார்கள். ஆண்களுக்கு சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு பத்தரை. அதற்கு மேல் போனால் கை விடவில்லை.

ஒரு எல்.இ.டி. பல்பு போதும்

மில்லி ஆம்பியர் என்றால் ஒரு ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வீட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்பு எடுப்பது ஏறக்குறைய 40 மில்லி ஆம்பியர். பழைய 60 வாட் குண்டு பல்பு எடுத்தது 260.

1 மில்லி ஆம்பியரில் 'சுருக்' என்று இருக்கும். 10-ஐத் தாண்டினால் கை ஒட்டும். 20, 30 என்று போனால் மூச்சு விடுகிற சதை மரத்துப்போய் மூச்சு நின்றுவிடும். 75, 100 என்று நெஞ்சு வழியாகப் பாய்ந்தால் இதயம் துடிப்பதை விட்டுவிட்டு நடுங்க ஆரம்பிக்கும். பையில் போட்ட புழு மாதிரி நெளியுமே தவிர ரத்தத்தை வெளியே தள்ளாது. சில நொடியில் ஆள் சாய்ந்துவிடுவார். ஆக, எல்.இ.டி. பல்பு எரியும் கரண்ட் மூச்சை நிறுத்தும். குண்டு பல்பு எரிந்த கரண்ட் ஆளையே முடிக்கும்.

"நேத்துகூட அந்தப் பெட்டியைத் தொட்டேன், லேசா சுருக்குன்னு அடிச்சது, ஒண்ணும் ஆகல" என்று சொல்கிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். கணக்கு இப்படி. காய்ந்த, காய்த்துப்போன உள்ளங்கை கரண்டுக்கு பெரிய தடை. அதன் தடை ஒரு லட்சம் ஓம் வரை கூட இருக்கும். 230 வோல்ட்டை அதால் வகுத்தால் 2 மில்லி ஆம்பியர் சொச்சம். சுருக்கென்று அடித்துவிட்டுப் போய்விடும். அதே கை வியர்வையில் நனைந்தாலோ, நாற்று நட்ட ஈரத்தோடு வந்தாலோ தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். இப்போது பாய்வது 230 மில்லி ஆம்பியர். பெட்டி அதே பெட்டி. கரண்ட் அதே கரண்ட். நேற்று வெயில், இன்று மழை. அவ்வளவுதான் வித்தியாசம்.

பாய்கிற பாதையும் முக்கியம். ஒரே கையில் ரெண்டு விரலுக்கு நடுவே பாய்ந்தால் விரல் சுடும். ஒரு கையில் ஏறி மறு கையிலோ காலிலோ இறங்கினால் நடுவில் இருப்பது இதயம். ஸ்டார்ட்டர் பெட்டியை ஒரு கையால் தொட்டுக்கொண்டு இன்னொரு கையால் இரும்பு பைப்பைப் பிடிப்பதை விட மோசமான காரியம் இல்லை.

'பியூஸ்' நம்மைக் காப்பாற்றாது

"வீட்டில் பியூஸ் இருக்கே, தானா போயிடாதா?" போகாது. 5 ஆம்பியர் பியூஸ் கம்பி உருக 5 ஆம்பியருக்கு மேல் வேண்டும். 16 ஆம்பியர் சுவிட்ச் விழ அதற்கு மேல் வேண்டும். மனுஷன் சாக 0.1 ஆம்பியர் போதும். ஆள் துடித்துக்கொண்டிருக்கும்போது பியூஸ் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். அது ஒயரைக் காப்பாற்ற வைத்தது. ஆளைக் காப்பாற்ற அல்ல. சிலர் அந்தக் கம்பிக்கு பதில் கெட்டிக் கம்பியை முறுக்கி வைக்கிறார்கள். அப்புறம் வீடே தீப்பிடித்தாலும் அது போகாது.

ஆளைக் காப்பாற்ற வேறு சாதனம் இருக்கிறது. 'ஆர்.சி.டி.' என்பார்கள். கடையில் ஆர்.சி.சி.பி. என்று கேட்டாலும் கொடுப்பார்கள். இதன் சூட்சுமம் எளிது. ஒரு ஒயரில் எவ்வளவு கரண்ட் உள்ளே போகிறதோ அவ்வளவும் இன்னொரு ஒயரில் திரும்பி வரவேண்டும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் அது எங்கேயோ ஓட்டை வழியாக, ஒருவேளை ஒரு ஆளின் உடம்பு வழியாக, மண்ணுக்குப் போகிறது என்று அர்த்தம். கண் இமைக்கும் நேரத்தில் 'டப்'பென்று மொத்த லைனையும் வெட்டிவிடும். ஷாக் அடிக்கும், ஆனால் இதயம் நடுங்கத் தொடங்குமுன் கரண்ட் போயிருக்கும்.

தமிழ்நாட்டில் வீடு, கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று எல்லா இடத்திலும் இதைப் பொருத்த வேண்டும் என்று 2023-ல் விதி வந்தது. விலை ஆயிரத்துச் சொச்சத்தில் தொடங்குகிறது. வாங்கும்போது '30 மில்லி ஆம்பியர்' என்று கேட்டு வாங்க வேண்டும். 100, 300 என்று போட்டது ஆளைக் காப்பாற்றாது. அதில் டெஸ்ட் பட்டன் ஒன்று இருக்கும். மாதம் ஒரு தடவை அழுத்தினால் சுவிட்ச் விழ வேண்டும். விழவில்லை என்றால் உடனே மாற்ற வேண்டும். ஒன்றை மறக்கக் கூடாது. பிளாஸ்டிக் ஸ்டூலில் நின்று ஒரு கையில் பேஸ், இன்னொரு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் இந்த சாதனத்துக்கு நீங்களும் ஒரு பல்புதான். அது விழாது.

எர்த்தும் சரியாக இருக்க வேண்டும். மோட்டார் கொட்டகை ஓரம் கரியும் உப்பும் கொட்டிப் புதைத்த அந்த பைப்பை கோடையில் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்தால்தான் வேலை செய்யும். பல கொட்டகைகளில் எர்த் கம்பி அறுந்து தொங்குகிறது. பெட்டியில் சுருக்கென்று அடிப்பது அதற்கான முதல் எச்சரிக்கை. அன்றைக்கே ஒயர்மேனைக் கூப்பிட வேண்டும். ஆட்டோ சுவிட்ச் போட்டிருக்கும் மோட்டாரில் இன்னொரு ஆபத்து. "கரண்ட் இல்லையே" என்று கையை விட்டு நோண்டிக்கொண்டிருக்கும்போது மும்முனை கரண்ட் வந்து விழும். மெயின் சுவிட்சை இறக்கி, பியூஸ் கேரியரைக் கழற்றி சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அப்புறம் பெட்டியைத் திறக்கலாம்.

வீட்டுப் பெண்களைப் பலி வாங்குவது பெரும்பாலும் துணிக் கொடி. தகரக் கூரை ஓரமாகவோ சர்வீஸ் ஒயர் ஓரமாகவோ இரும்புக் கம்பியைக் கட்டி ஈரச் சேலையைப் போடுவார்கள். காற்றில் ஒயர் தேய்ந்து தோல் உரிந்திருக்கும். கம்பிக்கு பதில் நைலான் கயிறு கட்டினால் போதும். ஐம்பது ரூபாய் காரியம். மின்கம்பத்தை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பியில் மாட்டைக் கட்டுவதும் அப்படித்தான்.

தொடாமலே சாகடிக்கும் கம்பி

தெருவிலும் வயலிலும் மேலே போகிற உயர் அழுத்த கம்பி வேறு ரகம். அதில் ஓடுவது 11 ஆயிரம் வோல்ட், அதற்கு மேலும் உண்டு. அதை நேராகத் தொடவே வேண்டாம். கொஞ்சம் நெருங்கினாலே காற்றைத் தாண்டிப் பாயும். காய்ந்த கட்டை, ரப்பர் செருப்பு எல்லாம் அதன் முன்னால் செல்லாது.

2022 ஏப்ரல் 27-ந்தேதி அதிகாலை. தஞ்சாவூர் அருகே களிமேடு கிராமத்தில் அப்பர் குருபூஜை தேர். வளைவில் தேரைத் திருப்பும்போது அதன் உச்சி அலங்காரம் மேலே போன உயர் அழுத்த கம்பியில் உரசியது. சிறுவர்கள் உட்பட 11 பேர் பலியானார்கள். கோயில் தேர் மட்டுமல்ல. வைக்கோல் பாரம் ஏற்றிய டிராக்டர், கரும்பு லாரி, பிளக்ஸ் பேனரின் இரும்புச் சட்டம், முருங்கைக்காய் பறிக்கிற அலுமினியத் தொரட்டி எல்லாம் அதே வேலையைச் செய்யும். வண்டி கம்பியில் மாட்டிக்கொண்டால் டிரைவர் இறங்கக் கூடாது. கேபினுக்குள் இருக்கிற வரை பிழைப்பார். ஒரு கால் வண்டியிலும் ஒரு கால் மண்ணிலும் வைத்த நொடியில் போய்விடுவார். தீப்பிடித்து இறங்கியே ஆகவேண்டும் என்றால் ரெண்டு காலையும் சேர்த்து வெளியே குதிக்க வேண்டும்.

2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் நம்ம விழுப்புரம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது ஞாபகம் இருக்கும். மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை. கம்பங்கள் சாய்ந்தன, ஊர்கள் இருளில் கிடந்தன. அந்த மாதிரி நாளில் அறுந்து விழுந்த கம்பி செத்த பாம்பு மாதிரி சும்மா கிடக்கும். பொறி பறக்காது, சத்தம் வராது. ஆனால் அது விழுந்த இடத்தில் இருந்து மண்ணுக்குள் கரண்ட் வட்ட வட்டமாகப் பரவும். பக்கத்தில் வோல்ட் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. அதில் அகலமாகக் கால் வைத்து நடந்தால் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் உள்ள வித்தியாசம் உடம்பு வழியாகப் பாயும்.

மனுஷன் தப்பித்து மாடு மட்டும் செத்துப் போவதற்கு இதுதான் காரணம். மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம், நடுவில் இதயம். மாடு துடிப்பதைப் பார்த்து ஓடினால் நாமும் அந்த வட்டத்துக்குள் ஓடுகிறோம். மாட்டை விட்டுவிட வேண்டியதுதான். மனசு கேட்காது, தெரியும். குறைந்தது 30 அடி தள்ளி நிற்க வேண்டும். ஏற்கனவே உள்ளே மாட்டிக்கொண்டால் ரெண்டு பாதத்தையும் ஒட்டி வைத்து, தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நகர்ந்து வெளியே வர வேண்டும்.

மின்வாரியத்தின் 'மின்னகம்' போன் நம்பர் 94987 94987. ராத்திரியும் எடுப்பார்கள். லைன்மேன் வந்து "லைன் ஆப்" என்று சொல்லும் வரை கம்பி உயிரோடுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு எமன், காட்டுப்பன்றிக்கு போடுகிற திருட்டு மின்வேலி. மணிலா பிடுங்குகிற நேரம் பன்றி அட்டகாசம் தாங்க முடியாது, வாஸ்தவம். அதற்காக மோட்டார் லைனில் இருந்து வெறும் கம்பியை இழுத்து வயலைச் சுற்றி விடுவது கொலைக்குழி வெட்டுவது மாதிரி. ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்து நிலத்துக்காரர் காலில் சிக்கும். சில இடத்தில் வேலி போட்டவரே மறந்துபோய் மிதித்துச் செத்திருக்கிறார். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படி ஒரு வேலியில் 3 யானைகள் செத்து விழுந்து, 2 குட்டிகள் சுற்றிச் சுற்றி வந்ததை ஊரே பார்த்தது. கரண்ட் திருட்டுக்கு மின்சார சட்டத்தில் 3 வருஷம் வரை ஜெயில். ஆள் செத்தால் அது தனி வழக்கு.

"சோலார் வேலியில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாமே, அது கொல்லாதா?" என்று கேட்கலாம். அந்த மிஷின் நொடிக்கு ஒரு தடவை, அதுவும் நொடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம்தான் தட்டும். தட்டிவிட்டு விட்டுவிடும், கையை இழுத்துக்கொள்ள அவகாசம் கிடைக்கும். வீட்டுக் கரண்ட் 230 வோல்ட்தான், ஆனால் விடவே விடாது. காட்டை ஒட்டிய நிலம் என்றால் சோலார் வேலிக்கும் வனத்துறையில் பதிவு, அனுமதி வேண்டும். அதற்கும் 2023-ல் விதி வந்திருக்கிறது.

ஓடிப்போய் தொடாதீங்க

சரி, கண் முன்னால் ஒருத்தர் ஒட்டிக்கொண்டு நிற்கிறார். என்ன செய்வது?

முதலில் மெயின் சுவிட்ச். வீட்டில், கொட்டகையில் அது எங்கே இருக்கிறது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்க வேண்டும். பிளக்கை உருவ முடிந்தால் உருவலாம். ரெண்டும் முடியாதபோது, வீட்டுக் கரண்டாக இருந்தால் மட்டும், காய்ந்த பலகை மேலோ பிளாஸ்டிக் ஸ்டூல் மேலோ ஏறி நின்றுகொண்டு, காய்ந்த கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ ஒயரைத் தள்ளி விடலாம், அல்லது ஆளைத் தள்ளலாம். பச்சை மரக்கிளை, ஈரத் துண்டு, இரும்புக் கடப்பாரை எதுவும் கூடாது. ரோட்டு உயர் அழுத்த கம்பி என்றால் இது எதையும் முயற்சி பண்ணவே கூடாது. மின்னகத்துக்கும் 108-க்கும் போன் போட்டு, கூட்டத்தை 30 அடிக்கு வெளியே நிறுத்துவதுதான் அப்போது செய்யக்கூடிய உதவி.

கரண்ட் போன பிறகு தயங்காமல் தொடலாம். உடம்பில் கரண்ட் தங்காது. இங்கேதான் ஊரில் பெரிய தப்பு நடக்கிறது. "மண்ணுல புதைச்சா கரண்ட் இறங்கிடும்" என்று குழி வெட்டி கழுத்து வரை மண்ணைத் தள்ளுகிறார்கள். இறங்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. இதயம் நடுங்கிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பு பத்து சதவீதம் போல குறைகிறது. குழி வெட்ட ஆகிற பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். மண் பாரத்தில் நெஞ்சும் விரியாது.

தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டும். பதிலும் இல்லை, மூச்சும் இல்லை என்றால் 108-க்கு ஒருவர் போன் போட, இன்னொருவர் நெஞ்சை அழுத்த ஆரம்பிக்க வேண்டும். கெட்டித் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சுக்கூட்டின் நடுவில் ஒரு உள்ளங்கை, அதன் மேல் இன்னொன்று. முழங்கையை மடக்காமல் 5 செ.மீ. ஆழம் இறங்கும்படி அழுத்தி விட வேண்டும். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. அதாவது நொடிக்கு ரெண்டு தடவைக்கு கொஞ்சம் குறைவு. பழகியவர்கள் 30 அழுத்தலுக்கு 2 தடவை வாயில் ஊதலாம். கரண்ட் மூச்சை நிறுத்தியிருக்கும் என்பதால் அது நல்ல உதவி. பழகாதவர்கள் அழுத்தினால் போதும். விலா எலும்பு நொறுங்கிய மாதிரி சத்தம் வந்தாலும் நிறுத்தக் கூடாது. ஒருவர் களைத்தால் அடுத்தவர். ஷாக்கில் விழுகிறவர்கள் பெரும்பாலும் வயலில் உழைத்த, நல்ல இதயம் உள்ள ஆட்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை கை ஓயாமல் இருந்தால் திரும்பி வருவார்கள் என்று நம்ப இடம் இருக்கிறது. அந்த நடுக்கத்தை நிறுத்தும் மிஷின் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அதுவரை மூளைக்கு ரத்தம் அனுப்புவது நம்ம உள்ளங்கைதான்.

எழுந்து உட்கார்ந்து "ஒண்ணும் இல்லப்பா, காபி கொடு" என்று சொன்னாலும் விட்டுவிடக் கூடாது. வெளியே ஒரு பொட்டு தீக்காயம்தான் தெரியும். உள்ளே எலும்பை ஒட்டிய சதை வெந்திருக்கும். அப்படி வெந்த சதையின் கழிவு ரத்தத்தில் கலந்து கிட்னியை அடைத்துவிடும். மறுநாள் சிறுநீர் கறுப்புக் காபி நிறத்தில் போனால் அதுதான் அடையாளம். உடனே சலைன் பாட்டில் ஏற்றி கிட்னியைக் கழுவ வேண்டும். நெஞ்சு வழியாக கரண்ட் பாய்ந்தவர், மயங்கி விழுந்தவர், படபடப்பு உள்ளவர், உயர் அழுத்த கம்பியில் அடிபட்டவர் கட்டாயம் ஈ.சி.ஜி. பார்க்க வேண்டும். கர்ப்பிணி என்றால் லேசான ஷாக்காக இருந்தாலும் குழந்தைத் துடிப்பைப் பார்த்துவிடுவது நல்லது. செஞ்சி அரசு ஆஸ்பத்திரியில் முதல் சிகிச்சை பார்த்து, பெரிய காயம் என்றால் முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்புவார்கள். டாக்டரிடம் எந்தக் கையில் பிடித்தார், எத்தனை நொடி ஒட்டியிருந்தார், வீட்டு லைனா மோட்டார் லைனா என்பதைச் சொல்ல கூடப் போகிறவர் ஒருத்தர் விவரம் தெரிந்தவராக இருக்கட்டும்.